கிருமி அடங்கிவிட்டது, இதயத்துக்கு ஏன் தனி மாத்திரை?

கேள்வி: எனக்கு 47 வயது. திருகோணமலை உப்புவெளியில் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறேன். எச்.ஐ.வி.க்கு ஒழுங்காக மாத்திரை எடுக்கிறேன். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். கொழுப்பும் அதிகமில்லையாம். அப்படியிருந்தும் மாரடைப்பைத் தடுக்க, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை எடுக்கச் சொல்கிறார் டாக்டர். சிகரெட் பழக்கம் உண்டு. இன்னொரு மாத்திரை உண்மையிலேயே தேவையா?

பதில்: தேவை. ஆனால் அதைவிட அவசரமான காரியம் உங்கள் கேள்வியில் ஒற்றை வரியாக வந்துபோகிறது. சிகரெட்டைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் எடுக்கும் மாத்திரை கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் தொற்றிய முதல் சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. குடலின் உட்சுவரிலுள்ள சிடி4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பெருமளவு அழித்துவிடுகிறது. அந்தச் சேதம் பிறகு முழுமையாக ஆறுவதில்லை. குடலுக்குள்ளேயே இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துணுக்குகள் சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிகின்றன. இதைக் கண்டு நோய் எதிர்ப்பு அணுக்கள், குறிப்பாக மோனோசைட் எனப்படும் வெள்ளையணுக்கள், ஓயாமல் கிளர்ச்சியடைகின்றன. அணுக்களுக்குள் பதுங்கியிருக்கும் கிருமியின் மிச்சமும் அவற்றைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அறிக்கையில் கிருமி தெரியாத நாளிலும் உள்ளே அழற்சி நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கிறது.

தூண்டப்பட்ட மோனோசைட்டுகள் இரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து, அங்கே படிந்த கெட்ட கொழுப்பை விழுங்கி, ஊதிப்போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படித்தான் கொழுப்புத் திட்டு உருவாகிறது. சுண்ணாம்பு ஏறி இறுகாத, மென்மையான திட்டுகளே எளிதில் வெடிப்பவை. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் மாரடைப்பு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. கொழுப்பு அறிக்கை நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

உங்களைப் போன்றவர்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சையிலிருந்த, 40 முதல் 75 வயது வரையான 7,769 பேர் பங்கேற்ற ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து குறைவாகவோ நடுத்தரமாகவோதான் கணிக்கப்பட்டிருந்தது. தினமும் 4 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. கொழுப்பு குறைந்த அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இவ்வளவு பலன் வராது. அழற்சியைத் தணிப்பதும் இதில் சேர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பிட்டாவாஸ்டாட்டின் கிடைக்காவிட்டால் அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின் தருவார்கள், கவலை வேண்டாம்.

பக்க விளைவு இல்லாத மருந்து அல்ல. அதே ஆய்வில் தசைத் தொல்லை மாத்திரை எடுத்தவர்களில் 2.4 சதவீதம், எடுக்காதவர்களில் 1.4 சதவீதம், புதிதாக நீரிழிவு 5.3, 4.0 சதவீதம். ஆகவே சீனி அளவை அவ்வப்போது பாருங்கள். வலை இழுத்த உடம்பு வலிப்பது இயல்பு. வேலை இல்லாத நாளிலும் தொடையும் தோளும் சேர்ந்து வலித்தால், சிறுநீர் கறுத்துப் போனால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எடுப்பது டோலுடெக்ராவிர் அடங்கிய மாத்திரை என்றால் ஸ்டாட்டினுடன் அதற்குப் பெரிய மோதல் இல்லை. ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்து என்றால் சிம்வாஸ்டாட்டின் என்ற வகை ஸ்டாட்டின் கூடவே கூடாது. தனியார் டாக்டரிடம் போகும்போதும் மருந்தின் பெயரை மறைக்காதீர்கள். ஊரில் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஸ்டாட்டினைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. பிரஷர்காரர்களும் நீரிழிவுக்காரர்களும் பார்மசியில் வரிசையாக வாங்கிப்போகும் மாத்திரை அது.

இனி சிகரெட். டென்மார்க்கில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, நல்ல சிகிச்சையில் இருப்பவர்களின் ஆயுளை எச்.ஐ.வி. குறைப்பதைவிடப் புகை அதிகம் குறைக்கிறது. அங்கே புகையால் போனது 12 ஆண்டுகள், எச்.ஐ.வி.யால் போனது 5 ஆண்டுகள். புகை வேறு அந்த மோனோசைட்டுகளைக் கிளப்பிவிடுகிறது. விடியுமுன் கடலுக்குப் போகும்போது குளிருக்கும் தூக்கத்துக்கும் ஒன்று பற்றவைக்கும் பழக்கம் எனக்குத் தெரியாததல்ல. தனியாக விட முடியாவிட்டால் கிளினிக்கிலேயே உதவி கேளுங்கள். புகையிலை சேர்த்த வெற்றிலையை அதற்கு மாற்றாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

நோய் எதிர்ப்பு அணுக்களின் கிளர்ச்சியை அளக்கும் விலையுயர்ந்த இரத்தப் பரிசோதனைகளைத் தேடி அலைய வேண்டாம். அவற்றின் முடிவு உங்கள் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. பிரஷரையும் சீனியையும் எடையையும் பாருங்கள், போதும். கருவாட்டின் உப்பைக் குறையுங்கள். புது மீனுக்குத் திருகோணமலையில் பஞ்சமில்லை.

இதயத்துக்கு மாத்திரை வந்துவிட்டது என்று எச்.ஐ.வி. மருந்தில் இடைவெளி விடக் கூடாது. மருந்தை இடையிடையே நிறுத்திப் பார்த்த ஸ்மார்ட் ஆய்வில், 2006இலேயே, நிறுத்தியவர்களுக்கு மரணமும் இதய நோயும் கூடியது தெரிந்தது.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, வியர்த்து, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால் வாயு என்று ஓம வோட்டர் குடித்துப் படுத்துவிடாதீர்கள். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். கடலில் இருந்தால் வலையை வெட்டிவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள், வரும்போதே கரையிலிருப்பவரை அழைத்து ஆம்புலன்சை வரவழைக்கச் சொல்லுங்கள்.