அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறை: கேள்வி பதில்

கேள்வி: வால்வு மூடியிருப்பதைக் காட்ட ஒரு விளக்கு போதாதா?

பதில்: அந்த விளக்கு யாரைக் கேட்டு அதைச் சொல்கிறது என்று பாருங்கள். 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தின் 2ஆம் அலகில் அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கான விளக்கோ அணைந்துவிட்டது. வால்வைத் திறந்து வைக்கும் மின்னோட்டம் நின்றதை மட்டுமே அது சொன்னது, வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விப்பு நீர் அவ்வழியே வெளியேற, வால்வு மூடிவிட்டது என்றே ஆபரேட்டர்கள் நம்பியிருந்தார்கள். நீர் போய்ச் சேர்ந்த தொட்டியின் அழுத்தமானி உண்மையைக் காட்டியது. ஆனால் அது முதன்மைப் பலகைக்குப் பின்புறம் இருந்தது. கட்டளை வேறு, நிலை வேறு.

கேள்வி: எல்லாக் கோளாறுக்கும் அலாரம் வைப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: அன்று முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் எழுந்தன, அவற்றைப் பதிவு செய்த அச்சுப்பொறி மணிக்கணக்கில் பின்தங்கியது. பம்பு நின்றால் நீரோட்டமும் குறையும் என்பது தெரிந்ததே. நீரோட்டம் குறைந்ததைச் சொல்லும் அந்த இரண்டாவது அலாரம் பட்டியலில் இருக்கட்டும், ஒலிக்க வேண்டாம்.

கேள்வி: ஓடும் பம்பைச் சிவப்பாகக் காட்டுவது தவறல்லவா? சிவப்பு ஆபத்தின் நிறம்.

பதில்: பல நிலையங்களில் சிவப்பு என்றால் ஓடுகிறது அல்லது திறந்திருக்கிறது, பச்சை என்றால் நிற்கிறது அல்லது மூடியிருக்கிறது என்பது பழைய வழக்கம். ஓர் அறைக்குள் ஒரு நிறத்துக்கு ஒரே பொருள் இருந்தால் போதும்.

கேள்வி: அப்படியானால் அலாரத்துக்கும் சிவப்பு, நலமாக ஓடும் பம்புக்கும் சிவப்பா? உங்கள் விதியே உடைகிறதே!

பதில்: உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் புதிய திரைகளில் இயல்பாக இயங்குபவற்றைச் சாம்பல் நிறத்தில், நிரப்பிய வடிவம், வெற்று வடிவம் என்று வேறுபடுத்திவிட்டு, பளிச்சென்ற நிறங்களை அலாரத்துக்கு ஒதுக்குகிறோம். ஆனால் பழைய பலகையில் இருபது ஆண்டுகள் பழகியவருக்கு, பலகை ஒரு பக்கமும் புதிய திரை மறுபக்கமும் இருக்கும் அறையில் நிறத்தின் பொருளை மாற்றிக் கொடுத்தால், நெருக்கடியில் அவருடைய கை பழைய பொருளையே நம்பிப் போகும். முழு அறையையும் மாற்ற முடியாதபோது பழைய வழக்கத்தை விட்டுவைப்பதே மேல் என்பது என் கட்சி.

கேள்வி: தொடுதிரை வைக்கலாமா?

பதில்: பார்ப்பதற்கு வைக்கலாம், இயக்குவதற்கென்றால் முதலில் தேர்ந்தெடுப்பது, பிறகு உறுதிசெய்வது என இரு படிகள் வேண்டும். அவசர நிறுத்தத்துக்குத் தனிக் கம்பியில் தனிப் பொத்தான்.

கேள்வி: கட்டுப்பாட்டு அறையில் கதிர்வீச்சு அளவு எவ்வளவு இருக்கும்?

பதில்: என் துறை அல்ல, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி: திறப்பு, மூடல் என இரண்டு விளக்குகள் வைத்தால் குழப்பம் தீருமா?

பதில்: வால்வின் தண்டிலேயே பொருத்திய சுவிட்சுகளிலிருந்து அவை தகவல் பெற்றால் பெருமளவு தீரும். வழக்கமான அமைப்பில் இரண்டும் எரிந்தால் வால்வு பாதி வழியில் நிற்கிறது என்று பொருள். இரண்டும் அணைந்திருந்தால் மின்சாரம் போயிருக்கலாம், பல்பும் போயிருக்கலாம். விளக்குச் சோதனைப் பொத்தானை முதலில் அழுத்திப் பாருங்கள்.