மேகம் கடலைக் குடிக்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே நின்று சுழலும் காற்றைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். ஆங்கிலத்தில் வாட்டர்ஸ்பவுட் எனப்படும் அதை இங்கே நீர்த்தூண் என்று எழுதியிருக்கிறோம்.

தூத்துக்குடி வாசகர்: “மேகம் கடல்நீரை உறிஞ்சும் அரிய காட்சி” என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வீடியோ வருகிறது. மேகம் நிஜமாகவே உறிஞ்சுமா? அப்படியானால் மழை உப்புக் கரிக்க வேண்டாமா?

உறிஞ்சாது. உங்களுடைய இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. வீடியோவில் தெரியும் சாம்பல் நிறப் புனல் கடல்நீர் அல்ல, அதுவும் மேகம்தான். சுழலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. அங்கே நுழையும் ஈரக்காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி பொடித்துளிகளாக மாறி வெள்ளையாகத் தெரிகிறது. அந்தத் துளிகளில் உப்பு கிடையாது. உப்புநீர் இருப்பது அடியில் மட்டும். கடல்மட்டத்தில் வீசும் வேகமான காற்று நீரைச் சிதறடித்துச் சில மீட்டர் உயரத்துக்குத் தூவலாகக் கிளப்புகிறது.

கணக்குப் போட்டாலும் இது தெளிவாகும். மணிக்கு 100 கி.மீ.யை ஒட்டிச் சுழலும் நீர்த்தூணின் நடுவில் அழுத்தம் சுமார் 10 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் தண்ணீர் ஏறக்குறைய 1 செ.மீ. எழும். ஆக, அந்த இடத்தில் கடல் ஒரு சாண்கூட உயராது. நடுவில் முழு வெற்றிடமே உண்டானாலும் தண்ணீர் ஏறுவது 10 மீட்டர்தான். கிணற்று மேட்டில் வைத்த மோனோபிளாக் மோட்டார் 7, 8 மீட்டருக்குக் கீழே போன தண்ணீரை இழுக்க முடியாமல் திணறுவதும் இதே காரணத்தால்தான். மேகத்தின் அடிப்பகுதியோ 500, 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இன்னொன்று: இப்படிப் பரவும் வீடியோக்களில் சில நீர்த்தூணே அல்ல. தூரத்தில் ஓரிடத்தில் மட்டும் மழை கொட்டுவதை அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். மழையென்றால் விளிம்பு மங்கி, அகலமாகத் திரைபோட்டது போலத் தெரியும். நீர்த்தூணின் விளிம்பு கூர்மையானது, சுழல்வதும் கண்ணுக்குத் தெரியும்.

நாகப்பட்டினம் வாசகர்: இடி, மின்னல், புயல் எதுவும் இல்லாத அமைதியான நாளில் இது எப்படிக் கிளம்புகிறது?

அமைதியான நாள்தான் அதற்குத் தோது. உலகிலேயே இதற்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் ஃபுளோரிடா கீஸ் தீவுகள். அங்கே ஆண்டுக்கு 400 முதல் 500 வரை தோன்றுவதாக மதிப்பிடுகிறார்கள். ஆழமில்லாத கடல் கோடையில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகிறது. தீவுகள் ஒரே வரிசையில் இருப்பதால் அவற்றின் மேலே மேகங்களும் வரிசைகட்டி வளர்கின்றன. காற்று மெதுவாக வீசும். இம்மூன்றும் சேர்ந்தால் போதும்.

ஜோசப் கோல்டன் என்ற வானிலை ஆய்வாளர் 1960களின் கடைசியிலும் 1970களிலும் அங்கே விமானத்தில் பறந்து, கடலில் புகைக்குப்பிகளைப் போட்டு, புகை எப்படி வளைகிறது என்று பார்த்தார். நீர்த்தூணின் வாழ்க்கையை ஐந்து கட்டங்களாக அவர் பிரித்தது இன்றும் பாடமாக இருக்கிறது.

அதற்கு முன் சுழற்சி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். கடற்காற்றும் நிலக்காற்றும் சந்திக்கும் கோட்டிலோ, பக்கத்து மழைமேகத்திலிருந்து கீழே இறங்கிப் பரவும் குளிர்காற்றின் விளிம்பிலோ, இரண்டு காற்றுகள் வெவ்வேறு திசையில் உரசிப் போகும். அந்தக் கோடு நெடுக, கடல்மட்டத்தில் சோம்பலான சிறு சுழல்கள் உண்டாகும். அவை பெரும்பாலும் தானே கலைந்துவிடும். அப்படி ஒன்றின் நேர்மேலே வேகமாக வளரும் திரள்மேகம் வந்து நின்றால் கதை மாறுகிறது. மேகம் வளர்வதென்றால் அதன் அடியிலுள்ள காற்று மேலே ஏறுகிறது என்று பொருள். ஏறும் காற்று அந்தச் சுழலை மேல்நோக்கி நீட்டுகிறது. நீள நீளச் சுழல் ஒடுங்குகிறது, ஒடுங்க ஒடுங்க வேகம் கூடுகிறது. 100 மீட்டர் ஆரத்தில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் சுற்றும் காற்று 10 மீட்டர் ஆரத்துக்குச் சுருங்கினால், உராய்வில் போவதை விட்டுவிட்டுப் பார்த்தால், வினாடிக்கு 30 மீட்டர். அதாவது மணிக்கு 108 கி.மீ.

இனி அந்த ஐந்து கட்டங்கள். முதலில் கடற்பரப்பில் வெளிறிய வட்டம் ஒன்றும் அதைச் சுற்றிக் கருமையான திட்டும் தோன்றும். படகிலிருந்து இது தெரிவது கடினம், விமானத்திலிருந்து நன்றாகத் தெரியும். மேலே புனல் எதுவும் தெரியாவிட்டாலும் சுழல் அப்போதே கடலிலிருந்து மேகம்வரை எட்டியிருக்கலாம். இரண்டாவது கட்டத்தில் அந்தத் திட்டைச் சுற்றிக் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் சுருண்டு வளையும். மூன்றாவதில் நீர்த்தூவல் வளையமாக எழும், நடுவில் தூவல் இல்லாமல் காலியாக இருக்கும். நான்காவது முழு வளர்ச்சி: புனல் நீண்டு இறங்கும், தூவல் உயரும். கடைசிக் கட்டம் திடீரென்று வரும். மேகத்திலிருந்து மழை விழத் தொடங்கி, அதோடு இறங்கும் குளிர்காற்று அடியில் பரவினால், சுழலுக்குப் போய்க்கொண்டிருந்த வெதுவெதுப்பான காற்று அறுந்துவிடும். புனல் கயிறுபோல் மெலிந்து, வளைந்து, கலையும். மொத்த ஆயுள் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். 20 நிமிடம் தாண்டுவது அபூர்வம்.

படகில் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். புனல் பாதியில் நின்றுவிட்டது, கடலைத் தொடவில்லை என்று நம்பி நெருங்குகிறார்கள். முன்னே சொன்ன 10 ஹெக்டோபாஸ்கல் குறைவுக்கு, மேகத்தின் அடியிலிருந்து 90 மீட்டர் அளவுக்குத்தான் புனல் கண்ணுக்குத் தெரியும். மிச்சம் 500 மீட்டர் தெளிந்த காற்று, ஆனால் அதுவும் அதே வேகத்தில் சுழல்கிறது. கீழே தூவல் வளையம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சுழல் கடலைத் தொட்டுவிட்டது.

திருச்சி வாசகர்: டொர்னாடோ கடல்மேல் வந்தால் அதுதான் நீர்த்தூண் என்று படித்தேன். சரியா?

பாதி சரி. நீர்த்தூணில் இரண்டு வகை உண்டு. மேலே சொன்னது அமைதி வானிலை வகை. அது கடல்மட்டத்தில் பிறந்து மேல்நோக்கி வளர்வது. எண்ணிக்கையில் இதுவே மிக அதிகம். இரண்டாவது வகை அசல் டொர்னாடோ, அது இருக்கும் இடம் மட்டுமே தண்ணீர்.

அசல் டொர்னாடோவுக்குச் சுழற்சி வருவது மேகத்துக்குள்ளிருந்து. அமெரிக்காவின் ஓக்லஹாமா, கன்சாஸ் சமவெளிகளில் வசந்த காலத்தில் தரையருகே தென்கிழக்கிலிருந்து ஈரக்காற்றும், ஐந்தாறு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்றும் வீசும். இந்த வேறுபாட்டால் நடுவிலுள்ள காற்று படுக்கைவாட்டில் உருள்கிறது. இடிமேகத்தின் மேலேறும் காற்று அந்த உருளையைத் தூக்கி நிமிர்த்துகிறது. பிறகு மேகமே சுழலத் தொடங்குகிறது, சில கி.மீ. அகலத்துக்கு. அப்படிப்பட்ட ராட்சத இடிமேகத்தைச் சூப்பர்செல் என்பார்கள். அதிலிருந்து இறங்குவதுதான் வீடுகளைப் பெயர்த்தெடுக்கும் டொர்னாடோ. 1999 மே 3 அன்று ஓக்லஹாமாவின் மூர் நகர்ப் பகுதியைத் தாக்கியதில் நடமாடும் ரேடார் அளந்த வேகம் மணிக்கு 480 கி.மீ.க்கு மேல். அமைதி வானிலை நீர்த்தூண்களில் பெரும்பாலானவை டொர்னாடோ அளவுகோலின் கடைசிப்படியான இஎஃப்-0 என்ற மணிக்கு 105–137 கி.மீ. அளவிலோ அதற்குக் கீழோ நின்றுவிடும்.

அதற்காக எல்லாமே சாதுவானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970 செப்டம்பர் 11 அன்று இத்தாலியின் வெனிஸ் காயலைக் கடந்தது டொர்னாடோ வகை. பயணிகள் படகு ஒன்றை அது கவிழ்த்ததில் 21 பேர் இறந்தார்கள். தூரத்தில் நிற்பவர் இரண்டையும் பிரித்தறிய மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். கருத்த அடிப்பகுதியோடு வளர்ந்துகொண்டிருக்கும் தனி மேகம், சுற்றிலும் வெயில், மின்னல் இல்லை என்றால் அமைதி வகை. மின்னல், ஆலங்கட்டி, வானத்தை அடைத்த இடிமேகம், வேகமாக நகரும் தூண் என்றால் மற்றது.

கரையேறினால் இரண்டுக்குமே டொர்னாடோ என்றுதான் அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கை கொடுக்கிறது. அமைதி வகை நிலத்துக்கு வந்ததும் சீக்கிரம் அடங்கிவிடும் என்றாலும், கடற்கரையில் இருக்கும் குடையும் தகரக் கூரையும் பறந்து ஆளைத் தாக்க அந்த வேகம் போதும்.

சிதம்பரம் வாசகர்: புயலோடு இதற்குத் தொடர்பு உண்டா? ரேடாரில் தெரியாதா?

புயல் நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம், நாள்கணக்கில் நீடிக்கும். நீர்த்தூண் பத்துப் பதினைந்து மீட்டரிலிருந்து நூறு மீட்டர் அகலத்துக்குள் முடிந்துவிடும். பூமியின் சுழற்சியால் திசை பெறுவது புயல். அமைதி வகை நீர்த்தூண் வலமாகவும் சுழலும், இடமாகவும் சுழலும். ரேடாரின் கதிர் 80 கி.மீ. தொலைவுக்குப் போகும்போதே கடலுக்கு மேல் 1 கி.மீ. உயரத்தில் போகிறது. நீர்த்தூணின் முக்கியப் பகுதி அதற்குக் கீழேயே இருப்பதால் அகப்படுவதில்லை. கண்ணால் பார்த்தவர் சொல்வதுதான் இன்றும் முதல் தகவல்.

டொரொண்டோ வாசகர்: ஒன்ராறியோ ஏரியில் செப்டம்பர் குளிரில் நீர்த்தூண் பார்த்தோம். வெப்பக் கடல் வேண்டாமா?

தண்ணீர் எவ்வளவு சூடு என்பதைவிட, தண்ணீருக்கும் மேலுள்ள காற்றுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பதே முக்கியம். ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை பேரேரிகளின் நீர் கோடையின் சூட்டைத் தக்கவைத்திருக்கும். மேலே வடக்கிலிருந்து குளிர்காற்று வந்துவிடும். கனடாவின் வேட் ஸிலாஜி உருவாக்கிய வரைபடம் ஒன்றரை கி.மீ. உயரத்து வெப்பநிலையை நீரின் வெப்பநிலையோடு ஒப்பிட்டு, மேகத்தின் தடிமனையும் சேர்த்துப் பார்த்து வாய்ப்பைச் சொல்கிறது. 2020 செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 4 வரை பேரேரிகளில் பதிவானவை 232.

புத்தளம் வாசகர்: 2014இல் சிலாபம் பக்கம் மீன் மழை பெய்ததே. கடல்நீரை உறிஞ்சாது என்றால் மீன் எப்படி மேலே போகிறது?

தண்ணீர் தூணாக ஏறுவதில்லை என்றுதான் சொன்னோம். தூவல் வளையத்தில் காற்று சுழன்றபடி மேலேறுகிறது. ஆழமில்லாத குளத்திலோ களப்பிலோ அது போனால் மேற்பரப்பில் இருக்கும் சிறு மீன்களைத் தூவலோடு வாரிக்கொண்டு போக முடியும். அந்த மே மாதம் இலங்கையின் சிலாபம் பகுதிக் கிராமத்தில் விழுந்தவை 5 முதல் 8 செ.மீ. நீளமுள்ள பொடி மீன்கள், மொத்தம் 50 கிலோ அளவு, கூரைகளிலும் கிடந்தன. கூரையில் கிடந்தது முக்கியமான தடயம். “மீன் மழை” என்ற செய்திகளில் பல, பெருமழையில் குளம் நிரம்பி மீன் தெருவுக்கு வந்த சம்பவங்கள்தான். அப்போது தரையில் மட்டும் கிடக்கும், வாய்க்கால் ஓரமாகக் கூடுதலாகக் கிடக்கும்.

காரைக்கால் வாசகர்: அந்தக் காலத்தில் பீரங்கியால் சுட்டுக் கலைத்தார்களாமே?

சுட்டார்கள். சில நிமிடங்களில் தானே கலைவதைச் சுட்டதால் கலைந்ததாக நம்பினார்கள். குண்டு துளைத்த இடத்தைச் சுற்றியுள்ள காற்று நொடியில் நிரப்பிவிடும்.

இராமேஸ்வரம் வாசகர்: ஃபைபர் படகில் போகும்போது எதிரே தெரிந்தால் என்ன செய்வது?

முதலில், அது உங்களை நோக்கி வருகிறதா என்று கண்டுபிடியுங்கள். படகை நேராக நிறுத்தி, படகின் ஏதாவது ஒரு கம்பத்தையோ முனையையோ தூணோடு நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள், அல்லது திசைகாட்டியில் அதன் திசையைக் குறியுங்கள். ஒரு நிமிடம் கழித்து அது பக்கவாட்டில் விலகியிருந்தால் உங்களைக் கடந்து போகிறது. அதே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் உங்கள் மேலேதான் வருகிறது. அப்போது அது நகரும் பாதைக்குச் செங்குத்தாகப் படகை ஓட்டுங்கள். அதற்கு முன்னால் ஓடுவது தவறு, அதே பாதையில்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள். அமைதி வகை பெரும்பாலும் 10, 15 நாட் (மணிக்கு சுமார் 18–28 கி.மீ.) வேகத்துக்குள் நகர்வதால் எஞ்சின் வைத்த படகு விலகிவிடலாம். படம் எடுக்க நெருங்கவே கூடாது.

விலக நேரமில்லை என்றால்: எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். பாய் இருந்தால் இறக்கிக் கட்டுங்கள், தார்ப்பாயைச் சுருட்டுங்கள். ஐஸ் பெட்டி, கேன், வலை எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் படகின் அடியில் தாழ உட்காருங்கள். நின்றால் படகின் எடை மேலேறிக் கவிழ்வது சுலபமாகும். சுழல் கடக்கும்போது காற்று ஒரு பக்கமிருந்து அடித்து, சில வினாடிகளில் நேர் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். முதல் அடிக்குச் சாய்ந்த படகை எல்லோரும் எதிர்ப்பக்கம் நகர்ந்து சமாளிக்கப் பார்ப்பார்கள், இரண்டாவது அடி அந்தப் பக்கமே கவிழ்த்துவிடும். ஆகவே யாரும் நடுவைவிட்டு நகராதீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

இடிமேகத்தின் அடியில் என்றால் தூண் மட்டுமே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 19 அதிகாலையில் சிசிலிக் கரையோரம் நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் நீளமுள்ள பேயீசியன் உல்லாசக் கப்பல் மூழ்கி 7 பேர் இறந்தபோது முதல் செய்திகள் நீர்த்தூண் என்றன. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட இடைக்கால அறிக்கையின்படி, 70 நாட் (மணிக்கு சுமார் 130 கி.மீ.) வேகத்துக்கு மேற்பட்ட காற்றடித்து 15 வினாடிக்குள் கப்பல் 90 டிகிரி சாய்ந்தது. இடிமேகத்திலிருந்து கீழே கொட்டிப் பரவும் காற்றுக்கும் அந்த வேகம் உண்டு, அதற்குக் கண்ணுக்குத் தெரியும் தூண் கிடையாது.

ஒன்று கலைந்ததும் அதே மேகவரிசையின் அடியில் போகாதீர்கள். அதே கோட்டில் அடுத்தது எழக்கூடும், சில சமயம் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் நிற்கும். மேகவரிசையை விட்டு வெயில் இருக்கும் பக்கமாக விலகி, விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் 16ஆம் சேனலில் நேரம், நீங்கள் இருக்கும் இடம், தூண் எந்தப் பக்கம் நகர்கிறது என்ற மூன்றையும் மற்றப் படகுகளுக்குச் சொல்லுங்கள். யாராவது நீரில் விழுந்திருந்தால் அதே சேனலிலோ 1554 என்ற எண்ணிலோ கடலோரக் காவல்படையை அழைக்கலாம்.