சைக்கிளில் சுமை ஏற்றினால் இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்குவது பற்றி
புதிதாகக் கட்டிய சைக்கிள் இப்படி நடுங்கினால், ஃப்ரேம் கோணல் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். வெறும் வண்டி நன்றாக ஓடி, பின் கேரியரில் இரண்டு பை மாட்டியதும் இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்குகிறது என்றால், மொத்தச் சுமையும் பின்னால் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். கனமான சாமான்களை முன் சக்கரத்தின் இரு பக்கமும் தாழ்வாக, சமமாகப் பிரித்து மாட்டிப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஹெட்செட்டைப் பாருங்கள், அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் ஃப்ரேமின் கழுத்தில் திரும்ப உதவும் பேரிங்குகளை. புது வண்டியில் முதல் ஓட்டத்திலேயே அது கொஞ்சம் தளர்வது சகஜம். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்துப் பக்கம் டக் டக்கென்றால், திரெட்லெஸ் வகையில் (ஃபோர்க் குழாயில் மரை இல்லாதது) ஸ்டெம்மின், அதாவது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டின், பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் முறுக்கி, பக்க போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ஓடும்போது நடுங்கினால் முழங்காலை மேல் குழாயில் அழுத்தி, பதறாமல் வேகத்தைக் குறையுங்கள். சுமையே இல்லாமலும் நடுங்கினால் வண்டியைக் கட்டியவரிடமே கொண்டு போங்கள், ஃபோர்க்கை அளந்து பார்க்க வேண்டியது அவர் வேலை.