மனக்கொந்தளிப்பும் சாப்பாட்டுத் தட்டும்: கேள்வி பதில்

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகள், மாதிரித் தேர்வு மார்க் வந்ததிலிருந்து டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ராத்திரியில் பிஸ்கட் பாக்கெட் காலியாகிறது. கேட்டால் கத்துகிறாள். இது திமிரா, வியாதியா?

பதில்: திமிர் இல்லை அம்மா. பயத்தையும் அவமானத்தையும் என்ன செய்வதென்று தெரியாத பிள்ளை, தன் கைக்கு அடங்குகிற ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. மார்க் அவள் கையில் இல்லை, சாப்பாடு இருக்கிறது. ஆனால் பட்டினியே மனசைக் கெடுக்கும். 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்து ஆராய்ந்தார்கள். எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று ஆகிப்போனார்கள். பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. உங்கள் மகளின் கத்தலிலும் ராத்திரி பிஸ்கட்டிலும் பாதிக்குமேல் பசிதான் என்பது என் கணிப்பு. பாக்கெட்டை ஒளித்து வைக்காதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் ஒரு தோசையாவது உள்ளே போகட்டும். மார்க் பேச்சு சாப்பாட்டு நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கிறேன். வீட்டோடு போனில் சண்டை வந்தால் வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். அப்புறம் என்மேலேயே வெறுப்பு வருகிறது.

பதில்: கவலையில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். நிறுத்த முடியாமல் போவதும், ஒளிந்து சாப்பிடுவதும், பிறகு தன்னையே வெறுப்பதும் அடிக்கடி நடந்தால் அது உணவுக் கோளாறு என்ற மனநலப் பிரச்சினையாக இருக்கலாம், கவனிக்க வேண்டும். சாப்பிடும் அந்தக் கொஞ்ச நேரம் சண்டை மறந்துபோகிறது, அதனால்தான் கை மறுபடி அங்கேயே போகிறது. போனை வைத்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: கோபமா, ஏக்கமா, குற்ற உணர்ச்சியா? 'ஒரு மாதிரி இருக்கு' என்பதோடு விட்டுவிடாதீர்கள். பெயர் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று யோசிக்க முடியும். மறுநாள் அதை ஈடுகட்டப் பட்டினி கிடக்காதீர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள்.

கேள்வி: 26 கேள்விகள் கொண்ட உணவு மனப்பான்மைத் தேர்வில் எனக்கு 23 வந்தது. நோய் என்று அர்த்தமா?

பதில்: இல்லை. 20 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. நோயா என்பதை நேரில் பேசித்தான் சொல்ல முடியும். போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஜிம் போகும் தம்பி சோற்றையே விட்டுவிட்டான். பையன்களுக்கும் உணவுக் கோளாறு வருமா?

பதில்: வரும். உடற்பயிற்சி என்ற பெயரில் மறைந்திருப்பதால் வீட்டில் தாமதமாகவே தெரிகிறது. ஒருநாள் ஜிம் தவறினால் அவன் துடித்துப்போகிறானா என்று பாருங்கள்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

பதில்: வேண்டுமென்றே வாந்தி எடுத்தால், மயங்கினால், மாதவிலக்கு நின்றால், எடை வேகமாகக் குறைந்தால் உடனே. தொடர் வாந்தியில் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். எடை சரியாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி; கூடவே மனநல மருத்துவர். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.