கடலோடி பதில்கள்: கரை சேரும் நேரம்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி சிறிய பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறான். காலையில் ஒரு மரீனாவில் புறப்பட்டு, மாலையில் இன்னொரு மரீனாவில் கட்டினோம் என்று படம் அனுப்புகிறான். மரீனா என்றால் என்ன? அதேபோல ஊர்காவற்றுறையில் புறப்பட்டு நெடுந்தீவு போய் வர முடியாதா?
– வாசகி ஒருவர், காரைநகர்

பதில்: தங்கச்சி, மரீனா என்பது சொந்தப் படகுக்காரர் வாடகை கொடுத்துப் படகு கட்டும் துறை. தண்ணீர், மின்சாரம், குளியலறை எல்லாம் உண்டு. ஆனால் என் கண்ணை இழுத்தது அதன் மிதக்கும் மேடை. இங்கிலாந்தின் தென்கரையில் சவுதாம்ப்டன் பக்கம் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே கடல் 4 மீற்றர் அளவு ஏறி இறங்கும். நிலையான இறங்குதுறைப் பாலத்தில் கட்டிய படகு வற்றில் கயிற்றில் தொங்கிவிடும். அதனால் மேடையே படகோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. நம் கடலில் இந்த வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. நமக்குக் கல் பாலமே போதும்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகனின் படகில் அந்தப் பக்கத்து ஹாம்பிளிலிருந்து மேற்கே லிமிங்டன் போனேன். முப்பது ஆண்டுகள் கப்பலில் இருந்தவன் நான். ஆனாலும் அன்று அவர் கணக்குப் போட்ட விதத்தை மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது புறப்படலாம் என்று அவர் கேட்கவில்லை. எப்போது போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுப் பின்னோக்கி எண்ணினார். அங்கே வற்று நீர் மேற்கே ஓடும். படகின் வேகம் 5 நொட் (மணிக்கு 5 கடல் மைல்), நீரோட்டம் 2 நொட் என்றால், கூடப் போனால் 7, எதிர்த்துப் போனால் வெறும் 3. நேரம் பிசகினால் இரண்டு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகிவிடும்.

லிமிங்டனில் கயிற்றோடு மேடைக்குத் தாவப் போனேன். "மாமா, பாயாதீர்கள். படகு தொடட்டும், பிறகு கால் வையுங்கள்" என்றார். படகு அங்குலம் அங்குலமாக நெருங்கி, பக்கத்தில் தொங்கிய மிதவைகள் நசுங்கிய பிறகுதான் இறங்கினேன். பாலத்துக்கும் வள்ளத்துக்கும் இடையில் கால் நசுங்கிய இருவரை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துக்கொண்டேன்.

நெடுந்தீவுக்குப் போகலாம்; ஆனால் இங்கே கணக்கைக் காற்றிடம் கேட்க வேண்டும். பங்குனி, சித்திரையில் கடல் பெரும்பாலும் எண்ணெய்போல் கிடக்கும். கடற்கோட்டையைத் தாண்டி எழுவைதீவு, அனலைதீவு வழியாகப் போகும் அந்தக் காலைப் பொழுதுக்கு ஈடு நான் எங்கும் கண்டதில்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் நயினாதீவுக்கு அப்பால் அலை நேரே அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், அறையும். அந்த மாதங்களில் பழக்கமில்லாதவர்கள் சிறு வள்ளத்தில் போகவே வேண்டாம். தீவுகளை ஒட்டி நீர் ஆழம் குறைந்த இடங்களும் உண்டு. அந்த வழி தெரிந்த தொழிலாளி ஒருவரை அழைத்துப் போங்கள். பொழுது சாய முன் திரும்பும்படி எண்ணிப் புறப்படுங்கள்.

கேள்வி: ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்கு, புங்குடுதீவிலிருந்து எங்கள் சொந்த வள்ளத்தில் பிள்ளைகளோடு போக இருக்கிறோம். கால் மணி நேரப் பயணத்துக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டுமா?
– வாசகர் ஒருவர், புங்குடுதீவு

பதில்: வேண்டும், தம்பி. ஆனி சோளகக் காலம். காற்று ஏறுமுன் விடியவே போய்விடுங்கள். அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் கரையிலேயே போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அங்கி உதவாது. அவர்கள் எடைக்கு ஏற்றதை வாங்குங்கள். கால்களுக்கு இடையே வரும் பட்டியையும் கட்டுங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும்.