ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும்?

துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, தமிழ்நாடு அரசா என்ற சண்டைக்குக் காரணமான பல்கலைக்கழகச் சட்டத் திருத்தம் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்ட கேள்விகள் இவை. கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா: சார், மகள் இங்கே படிக்கிறாள். சென்னைச் சண்டை எங்களுக்கு எதற்கு?

கல்லூரி மார்த்தாண்டத்தில் இருந்தாலும் பட்டம் தருவது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அம்மா. 1990-இல் அது வருவதற்கு முன் எல்லாவற்றுக்கும் மதுரைதான். மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழை என்றால்கூட ராத்திரி பஸ் ஏறுவோம். துணைவேந்தர் நாற்காலி காலியானால், தற்காலிகமாகப் பொறுப்பைப் பார்க்கும் கன்வீனர் குழு வந்து உட்காரும். அன்றாட வேலை ஓடும். பெரிய கோப்பெல்லாம் 'புதியவர் வரட்டும்' என்று தூங்கும். சண்டை நீண்டால் நமக்கு நஷ்டம் அங்கேதான்.

தக்கலை மாணவர்: அண்ணாச்சி, திருத்தம் ஆளுநரை வேந்தர் பதவியிலிருந்து நீக்கிவிட்டதா?

இல்லை தம்பி, பலரும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். 2022-இல் நிறைவேறிய திருத்தம், நம் பல்கலைக்கழகம் உட்படப் பலவற்றில், துணைவேந்தரை நியமிக்கும் இடத்தில் மட்டும் 'வேந்தர்' என்பதை 'அரசு' என்று மாற்றுகிறது. வேந்தராக ஆளுநரே தொடர்வார்.

நாகர்கோவில் ஆசிரியர்: நீதிமன்றத்தில் என்னதான் நடந்தது?

மூச்சுப் பிடித்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் ஆளுநர், இந்தத் திருத்தங்களும் அடங்கிய பத்து மசோதாக்களைத் திருப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி, ஒப்புதல் கிடைத்ததாகவே அறிவித்தது. மே 21-இல் சென்னை உயர் நீதிமன்றம், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிக்கு முரண் என்று நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது.

அதே ஆசிரியர்: மாநிலச் சட்டத்தை யுஜிசி விதி எப்படித் தடுக்கும்?

கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் இருக்கிறது, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடலாம். உயர்கல்வித் தரம் மத்தியப் பட்டியல், அது மத்திய அரசுக்கு மட்டும். துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடல் குழுவில் யுஜிசி பிரதிநிதி வேண்டும் என்கிறது யுஜிசியின் 2018 விதி. குஜராத்தில் அரசுதான் துணைவேந்தரை நியமிக்கிறது. அங்கேயே சர்தார் படேல் பல்கலைக்கழக நியமனத்தை, யுஜிசி விதிக்கு முரண் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. என் கணக்கில், யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதைவிடத் தேடல் குழுவில் யார் உட்காருகிறார் என்பதே முக்கியம்.

குளச்சல் மாணவி: ஆளுநர் கையால் வாங்காவிட்டால் பட்டம் செல்லாதா?

செல்லும். மேடை வெறும் சடங்கு. தபாலில் வாங்கியவர்களும் வேலையில்தான் இருக்கிறார்கள்.