‘மாதா காப்பாத்திச்சு’ என்ற சொல்லுக்குப் பிறகு என்ன கேட்பது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

தங்கச்சிமடம் அருகே ஒரு மீனவக் கிராமத்தில் இருக்கிறேன். வயது 34. எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழு) மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி வாசகம் வாசித்து, செபமாலை சொல்வோம். பிறகு டீ வரும். இறால் விலை, டீசல், சீட்டுப் பணம், கல்யாணம் என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். விசுவாசத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச ஆசையாக இருக்கிறது. “இன்றைய வாசகம் உங்களுக்கு என்ன சொல்லுச்சு?” என்று கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். “அதெல்லாம் ஃபாதருக்குத்தான் தெரியும்” என்கிறார் ஒரு அக்கா. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். அந்த அக்காவிடமாவது உள்ளத்திலிருந்து பேச வேண்டும். எப்படித் தொடங்குவது?

அன்புள்ள சகோதரிக்கு,

“வாசகம் என்ன சொல்லுச்சு?” என்ற கேள்வியைப் பலர் முன்னிலையில் கேட்டால் மறைக்கல்வித் தேர்வு போலக் கேட்கும். சரியான பதில் ஒன்று இருக்கிறது, அது தனக்குத் தெரியாது என்ற பயத்தில்தான் தலை குனிகிறது. விசுவாசம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டீ நேரத்துப் பேச்சை இன்னொரு முறை கவனியுங்கள். “மாதா காப்பாத்திச்சு, படகு கரை சேர்ந்துருச்சு.” “அந்தோணியாருக்கு நேந்திருக்கேன், இந்த வருசம் கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போகணும்.” “ஓரியூர் அருளானந்தர் கோயில் மண் எடுத்துட்டு வந்தேன்.” விசுவாசம் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. யாரும் அதில் நிற்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். “நேந்துக்கிட்ட அன்னைக்கு மனசு எப்படி இருந்துச்சுக்கா?” என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். என்ன, எப்படி, எப்போ என்று கேட்கலாம். ‘ஏன்’ வேண்டாம், அது குற்றம் பிடிப்பதுபோல் விழும். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலானோர் மூன்றிலேயே பொறுக்காமல் ஒரு வசனத்தையோ சொந்தக் கதையையோ எடுத்துவிடுகிறார்கள், பேச்சு அங்கேயே செத்துப்போகிறது.

லூக்கா 24-இல் எம்மாவு வழியில் இயேசு செய்ததன் வரிசையைப் பாருங்கள். என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று முதலில் கேட்டார். நம்பி ஏமாந்ததுவரை அந்த இருவரையும் முழுதாகச் சொல்லவிட்டார். மறைநூலை விளக்கியது அதற்குப் பிறகுதான்.

உங்களைப் பற்றிச் சொல்வதானால் மூன்று வாக்கியம் போதும். இந்த வாரம் நடந்ததாக, இன்னும் தீராததாக இருக்கட்டும். “காத்து பலமா அடிச்சப்போ செபமாலைய எடுத்தேன், ரெண்டாவது தேவரகசியத்துக்கு மேல மனசு ஓடலக்கா” என்பது போல. கேட்டது கிடைத்த கதையை மட்டுமே சொன்னால், கேட்டும் கிடைக்காதவர் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்.

இடமும் முக்கியம். நேருக்கு நேர் உட்காருவதைவிட, மீன் ஆயும்போது, பூசை முடிந்து நடந்து வரும்போது பேச்சு எளிதாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்களிடமும் பேச நேரம் கிடைக்கும், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே.

பக்கத்து வீட்டு அக்காவிடம் “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கணவரைச் சிறையில் போட்டதே ஆண்டவர் என்றாகிவிடும். ஆண்டவர்மேல் உள்ள கோபத்தை அவர் பிறகு யாரிடம் சொல்வார்? “எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்” என்ற முறையீட்டோடுதானே 13-ஆம் திருப்பாடலே தொடங்குகிறது. அவர் அப்படிப் பேசினால் திருத்தாமல் கேளுங்கள். முதலில் “நேத்து ராத்திரி தூங்குனீங்களா, சாப்பிட்டீங்களா?” என்பதுதான் கேள்வி. விடுதலை பற்றிச் சேதி வந்ததா, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும் என்று விசாரியுங்கள். ஆண்டவரின் பெயர் அவர் வாயிலிருந்து வரும்வரை பொறுங்கள். புறப்படும்போது “உங்களுக்காக என்ன கேட்டு வேண்டிக்கட்டும்?” என்று கேளுங்கள். விடுதலைக்காகத்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அவருக்கு அன்றைய கவலை வட்டிக் கடனாக இருக்கலாம். ஒரு வாரம் கழித்து அதைப் பற்றியே மறுபடி விசாரியுங்கள்.

அவர் சொன்னது உங்களோடு இருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் பேர் சொல்லி அன்பியத்தில் செபக் கருத்தாக வைத்தால், சாயங்காலத்துக்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இப்படித்தான். அவர் அனுமதி தராவிட்டால் ‘கடல் தொழில் செய்யும் குடும்பங்களுக்காக’ என்று பொதுவாகச் சொல்லுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றாலோ, வாழப் பிடிக்கவில்லை என்றாலோ, சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அன்பியத்துக்கு ஒரு சின்ன மாற்றம் போதும். வாசகம் முடிந்ததும் இரண்டிரண்டு பேராக ஐந்து நிமிடம், “எந்தச் சொல் உங்களைப் பிடிச்சு நிறுத்துச்சு?” என்று ஒரே கேள்வி. பிறகு யாரும் அதைச் சபையில் சொல்ல வேண்டியதில்லை. பொறுப்பாளரிடம் முந்தைய நாளே பேசிவையுங்கள். “ஃபாதருக்குத்தான் தெரியும்” என்ற அக்காவின் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள்.